பக்கத்து நகருக்கு இரண்டு, எங்கள் நகருக்கு ஏன் ஒன்றுகூட இல்லை? பலதுறை மருந்தகங்களுக்கு இடம் தேர்வாகும் விதம்

சிங்கப்பூரின் ஈசூன் நகரில் ஏற்கெனவே ஒரு பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) இருந்தது. 2023-இல் அதே நகரின் காத்திப் பகுதியில் இன்னொன்று திறக்கப்பட்டது. தெம்பனிசிலும் இதே நிலைதான்: பழைய மருந்தகம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே தெம்பனிஸ் நார்த்தில் இரண்டாவது வந்தது. அதே நேரத்தில் பீஷானில் ஒன்றுகூட இல்லை. புக்கிட் தீமாவிலும் இல்லை. வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது ஓரவஞ்சனையாகத் தோன்றும். நாடாளுமன்றத்திலும் இந்தக் கேள்வி வெவ்வேறு தொகுதிகளின் பெயரில் அவ்வப்போது எழுந்துகொண்டே இருக்கிறது.

2023 இறுதியில் 26 ஆக இருந்த பலதுறை மருந்தகங்களின் எண்ணிக்கையை 2030-க்குள் 32 ஆக உயர்த்துவது அரசாங்கத்தின் திட்டம். சிராங்கூன், தெங்கா, காக்கி புக்கிட், பிடாடாரி, தாமான் ஜூரோங், இயூ டீ ஆகியவை அந்த விரிவாக்கத்தில் இடம்பெற்ற பெயர்கள். வேறு ஏதேனும் ஆறு இடங்கள் ஏன் தேர்வாகவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, பலதுறை மருந்தகம் எதற்காக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பலதுறை மருந்தகம் யாருடைய சுமையைத் தாங்குகிறது

உடம்புக்கு முடியாதபோது முதலில் நாடும் மருத்துவச் சேவைக்கு அடிப்படைப் பராமரிப்பு என்று பெயர். காய்ச்சல், தடுப்பூசி, ரத்த அழுத்த மாத்திரை, மருத்துவமனைக்கான பரிந்துரைக் கடிதம் எல்லாம் இதில் அடங்கும். சிங்கப்பூரில் இதை இரு தரப்பினர் வழங்குகிறார்கள். ஒரு தரப்பு, அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் கடைத்தொகுதிகளிலும் இருக்கும் சுமார் 1,800 தனியார் மருந்தகங்கள். மற்றது, அரசாங்க மானியத்தில் இயங்கும் பலதுறை மருந்தகங்கள்.

மொத்த வருகைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் தனியார் மருத்துவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு போன்ற நாட்பட்ட நோய்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடும். அந்த நோயாளிகளின் வருகையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பலதுறை மருந்தகங்களுக்கே போகிறது. சளிக்காரர் ஒரு முறை வந்துவிட்டுப் போய்விடுவார். நீரிழிவு நோயாளி வாழ்நாள் முழுவதும் வருவார்.

அவருடைய வருகை எப்படி இருக்கும் என்று பார்த்தால் இடத்தேர்வின் பாதி விஷயம் விளங்கிவிடும். 70 வயது மூதாட்டி ஒருவர் முந்தைய இரவிலிருந்து எதுவும் சாப்பிடாமல் காலையில் வந்து வரிசை எண் எடுக்கிறார். கைப்பையில் இரண்டு துண்டு ரொட்டியும் தண்ணீர்ப் போத்தலும் இருக்கின்றன. ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்து, அந்த ரொட்டியைச் சாப்பிடுகிறார். பிறகு விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். அடுத்த அறையில் தாதி ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தை அங்கங்கே தொட்டு, "தெரிகிறதா அம்மா?" என்று கேட்கிறார். அதன்பின் மருத்துவர், மருந்து முகப்பு, கட்டணம். ரத்தப் பரிசோதனைக் கூடம், எக்ஸ்ரே, கண், பாதம், மருந்து எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதால்தான் இது ஒரே வருகையில் முடிகிறது. அந்த வசதிகள் அத்தனையும் இருக்க வேண்டும் என்பதால்தான் ஒரு பலதுறை மருந்தகத்தை இரண்டு கடை அளவு இடத்தில் வைத்துவிட முடியாது. பல மாடிக் கட்டடம் தேவைப்படுகிறது.

தலைக்கு இத்தனை என்ற விதி இங்கே இல்லை

தமிழ்நாட்டில் உறவுகள் உள்ளவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் என்ற பெயர் பழக்கமானது. இந்தியப் பொதுச் சுகாதார நெறிமுறைப்படி சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று. மக்கள்தொகை தெரிந்தால் போதும். எத்தனை நிலையங்கள் வர வேண்டும் என்பதை யார் வேண்டுமானாலும் வகுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். எளிமையான, வெளிப்படையான முறை. கட்டடம் இருந்தும் மருத்துவர் இல்லாத நிலையங்கள் அங்கே உண்டு என்பது வேறு விஷயம்.

சிங்கப்பூரில் அப்படி ஒரு நிலையான விகிதம் இல்லை. 2024-இல் குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாக 4.18 மில்லியன் பேர் இருந்தனர். 26 மருந்தகங்களால் வகுத்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 160,000 பேர் வருகிறது. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு "எங்கள் நகரில் அவ்வளவு பேர் இருக்கிறார்களே" என்று வாதிட முடியாது. அது வெறும் சராசரி. யாரும் வகுத்த இலக்கு அல்ல.

அமைச்சு எதையெல்லாம் எடை போடுகிறது

சுகாதார அமைச்சு நாடாளுமன்றத்தில் பல முறை அளித்த பதில்களில் திரும்பத் திரும்ப வரும் அம்சங்கள் இவை:

1. வட்டாரத்தின் மக்கள்தொகையும் வயதுக் கட்டமைப்பும்.

2. இப்போதுள்ள தேவையும் இனி வரக்கூடிய தேவையும். புதிய வீடுகள் எத்தனை வரப்போகின்றன என்பது இதில்தான் சேரும். தெங்காவில் 42,000 வீடுகள் திட்டமிடப்பட்டுள்ளன. முதல் குடும்பங்கள் சாவி வாங்கியது 2023-இல். ஆள் முழுதாக வருவதற்கு முன்பே மருந்தகத்துக்கு இடம் குறித்து வைப்பதற்குக் காரணம் இதுதான்.

3. அருகில் ஏற்கெனவே உள்ள சேவைகள். பக்கத்துப் பலதுறை மருந்தகம் மட்டுமல்லாமல் தனியார் மருந்தகங்களும் இந்தக் கணக்கில் வரும்.

4. போக்குவரத்து வசதி.

5. நிலம் கிடைப்பது.

பட்டியலாகப் பார்த்தால் ஐந்தும் சம எடை கொண்டவை போலத் தெரியும். உண்மையில் அவை வெவ்வேறு கட்டங்களில் வேலை செய்கின்றன என்பதே என் வாசிப்பு. முதல் மூன்றும் எந்த வட்டாரம் என்பதைத் தீர்மானிக்கின்றன. நான்காவது, அந்த வட்டாரத்துக்குள் எந்த முனை என்பதை. ஐந்தாவது, எந்த ஆண்டு என்பதை.

மூன்றாவது அம்சத்தில் சற்று நிற்க வேண்டும். வேல்சில் பொது மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு விதியை முன்வைத்தார். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது. சந்தையின் கையில் விட்டால் இந்தத் தலைகீழ் நிலை இன்னும் மோசமாகும் என்றார். தனியார் மருத்துவர் தமக்குக் கட்டுப்படியாகும் இடத்தில்தான் கடை திறப்பார். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் வராத இடத்தையும், வந்தாலும் போதாத இடத்தையும் நிரப்புவதுதான் பொதுப் பணத்தின் வேலை. தனியார் வீடுகள் நிறைந்த, சொந்த மருத்துவரை வைத்துக்கொண்டிருக்கும் வட்டாரங்கள் பட்டியலில் பின்னால் போவதும், அடுக்குமாடி வீடுகள் நெருக்கமாக உள்ள ஈசூனுக்கு இரண்டாவது கிடைப்பதும் இந்த அடிப்படையில் புரிந்துகொள்ளத்தக்கவை. வரைபடத்தில் தெரியும் காலி இடத்தைவிட, வரிசையில் நிற்கும் கூட்டம் இங்கே அதிக எடை பெறுகிறது.

தொலைவைக் கணக்கிடுவதில் உள்ள சிக்கல்

வசதி நிலையங்களை எங்கே அமைப்பது என்பது கணிதத்தில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. மொத்தப் பயணத் தொலைவைக் குறைப்பது ஒரு வழி. ஹக்கீமி 1964-இல் வகுத்தது. குறிப்பிட்ட தொலைவுக்குள் முடிந்தவரை அதிகமானவர்களைக் கொண்டுவருவது இன்னொரு வழி. சர்ச், ரெவெல் இருவரும் 1974-இல் முன்வைத்தது. யாரும் மிகத் தொலைவில் விடப்படக் கூடாது என்பது மூன்றாவது வழி. மூன்றும் நியாயமாகத்தான் தெரிகின்றன. ஆனால் ஒரே நகரில் மூன்றும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும் என்பதில்லை.

கற்பனையான ஒரு நகரை வைத்துப் பார்ப்போம். 50,000 பேர் வசிக்கிறார்கள். இரண்டு மனைகள் தயாராக உள்ளன.

1. முதல் மனை எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டியது. 40,000 பேர் 8 நிமிடத்தில் வந்துவிடலாம். ஓரத்துப் பழைய பேட்டையில் இருக்கும் 10,000 பேர் பஸ் மாறி வர 30 நிமிடம் ஆகும்.

2. இரண்டாவது மனை நடுவில் இருக்கிறது. எல்லோருக்கும் ஏறக்குறைய 16 நிமிடம்.

ஆளுக்குச் சராசரி பார்த்தால் முதல் மனைக்கு 12.4 நிமிடம், இரண்டாவதற்கு 16. முதல் மனைதான் வெற்றி பெறும். பெரும்பாலான கூட்டங்களில் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இப்போது ஆளை விட்டுவிட்டு வருகையை எண்ணுவோம். பழைய பேட்டையில் மூத்தோர் அதிகம். அங்குள்ளவர் சராசரியாக ஆண்டுக்கு ஐந்து முறை வருகிறார், மற்றவர்கள் ஒரு முறை வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வருகை 90,000. அதில் 50,000 அந்த ஓரத்துப் பேட்டையிலிருந்து. முதல் மனைக்கான சராசரிப் பயணம் ஒரு வருகைக்கு 20 நிமிடத்தைத் தாண்டிவிடும். இரண்டாவது மனைக்கு அதே 16 தான். தீர்ப்பு தலைகீழாகிறது. மனையும் மக்களும் மாறவில்லை. எதை எண்ணினோம் என்பது மட்டுமே மாறியது.

வயதுக் கட்டமைப்பை அமைச்சு முதலிடத்தில் வைத்துப் பேசுவதன் பொருள் இங்கே தெளிவாகும். 2030-இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். இந்திய சமூகத்தில் நீரிழிவு விகிதம் தேசிய சராசரியைவிட அதிகம் என்பதால் இந்தக் கணக்கு நம் வீடுகளுக்கும் நெருக்கமானது.

நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டம் 2040, வீட்டிலிருந்து அருகிலுள்ள அக்கம்பக்க மையத்துக்கு 20 நிமிடத்தில் போய்ச் சேரும் நிலையை இலக்காக வைத்திருக்கிறது. நல்ல இலக்கு. ஆனால் நிமிடத்தை யாருடைய கால்களால் அளப்பது? முழங்கால் வலியுள்ளவருக்கு, பஸ்சிலிருந்து இறங்கி இரண்டாவது பஸ்சுக்குக் காத்திருப்பது வெறும் ஏழு நிமிடக் கூடுதல் அல்ல. கூரையிட்ட நடைபாதை நிறுத்தத்திலிருந்து வாசல்வரை விட்டுப்போகாமல் வருகிறதா, மேம்பாலத்தில் மின்தூக்கி இருக்கிறதா என்பவைதான் அவர் வருவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்கின்றன.

நிலம் ஆண்டைத் தீர்மானிக்கிறது

சுமார் 735 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாட்டில், நன்றாகப் போக்குவரத்து இணைப்புள்ள பெரிய மனை காலியாகக் கிடப்பது அரிது. நகர மறுசீரமைப்பு ஆணையம் தயாரிக்கும் பெருந்திட்டம் அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளுக்கு எந்த நிலம் எதற்கு என்று குறிக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. வீடு, பள்ளி, பூங்கா, சாலை எல்லாமே அந்த ஒரே வரைபடத்தில் இடம் கேட்டுப் போட்டியிடுகின்றன.

அதனால் பலதுறை மருந்தகம் தனிக் கட்டடமாக நிற்கும் வழக்கம் குறைந்து வருகிறது. பொங்கோலில் 2017-இல் திறந்த மருந்தகம், ஓயசிஸ் டெரசஸ் என்ற வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அக்கம்பக்க மையத்தில் கடைகளோடும் உணவகங்களோடும் சேர்ந்து, இலகு ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது. அதே ஆண்டு பிடோக் மருந்தகம் ஹார்ட்பீட்@பிடோக் கட்டடத்துக்கு மாறியது. சமூக மன்றமும் நூலகமும் அங்கேயே உள்ளன. செம்பவாங் மருந்தகம் புக்கிட் கான்பரா வளாகத்துக்குள். சிராங்கூன் சாலையில் இருக்கும் காலாங் மருந்தகம் ஒரு நீண்டகாலப் பராமரிப்பு நிலையத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டது.

இந்தக் கூட்டு ஏற்பாட்டால் நிலம் மிச்சமாகிறது. ஒரே பயணத்தில் மருந்தும் காய்கறியும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஒரு விலையும் உண்டு. பல அமைப்புகள் பங்கேற்கும் கட்டடம் என்றால் மருந்தகம் மட்டும் முந்திக்கொண்டு திறக்க முடியாது. மொத்தக் கட்டுமானத்தின் வேகத்தில்தான் அதுவும் நகரும். தனியாகக் கட்டினாலும் சொன்ன தேதி நிற்கும் என்று உறுதியில்லை. புக்கிட் பாஞ்சாங், யூனோஸ், காலாங், செம்பவாங் நான்கும் 2020-க்குள் திறக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டவை. கொவிட்-19 கட்டுமானத் துறையை முடக்கியபோது அவையும் பின்தங்கின.

ஆள்பலமும் ஆண்டைத் தள்ளிப்போடும். 2017-இல் அறிவிக்கப்பட்ட சீரமைப்புக்குப் பிறகு பலதுறை மருந்தகங்கள் கிழக்கு, மத்தியம், மேற்கு என மூன்று சுகாதாரக் குழுமங்களின் கீழ் இயங்குகின்றன. புதிதாக ஒன்று திறக்கும்போது மருத்துவர்களும் தாதியரும் பெரும்பாலும் அதே குழுமத்தின் பழைய மருந்தகங்களிலிருந்துதான் நகர்வார்கள். கூடுதல் ஆள் எடுக்காமல் கட்டடம் மட்டும் திறந்தால் வரிசை இரண்டாகப் பிரியுமே தவிரக் குறையாது.

கடை வாடகையும் ஓர் இடத்தேர்வுக் கொள்கைதான்

2025-இல் தெம்பனிஸ் ஸ்திரீட் 96-இல் வீவக மருந்தகக் கடை ஒன்றுக்கு மாதம் 52,188 வெள்ளி வாடகை தருவதாக ஏலம் கேட்கப்பட்டது பெரும் பேச்சானது. பலரும் அதை வாடகைச் செய்தியாகவே படித்தார்கள். ஆனால் இது நம் தலைப்புக்குள் வரும் விவகாரம்.

காரணம் எளிது. அடிப்படைப் பராமரிப்பில் பெரும்பங்கு தனியார் மருந்தகங்களிடம் இருக்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டம், 40 வயதைத் தாண்டியவர்கள் ஒரே மருத்துவரிடம் பதிந்துகொண்டு நோயைத் தடுக்கும் பராமரிப்பைப் பெற வேண்டும் என்கிறது. அதற்கு முன்பே, 2012-இல் வந்த சாஸ் மானியத் திட்டம் 2019-இல் விரிவடைந்து, நாட்பட்ட நோயுள்ள எல்லாக் குடிமக்களுக்கும் தனியார் மருந்தகத்தில் மானியம் கிடைக்க வழிசெய்தது. ஆக, நாட்பட்ட நோயாளிகளைப் பக்கத்து புளோக் மருத்துவரிடம் அனுப்புவதே கொள்கையின் திசை. அந்த புளோக்கில் வாடகை ஐம்பதாயிரம் என்றால், மருத்துவர் எந்த நோயாளிக்கு நேரம் ஒதுக்குவார்? இருபது நிமிடம் உட்கார்ந்து உணவுப் பழக்கம் பேச வேண்டிய நீரிழிவு நோயாளிக்கா, விரைவாகப் பார்த்து அனுப்பக்கூடிய வேறொருவருக்கா?

அமைச்சும் வீவகவும் சேர்ந்து 2025-இல் சோதித்துப் பார்க்கத் தொடங்கிய முறை இதற்கு விடை தேடுகிறது. புதிய பேட்டைகளில் மருந்தகக் கடையை ஒதுக்கும்போது சேவைத் தரத்துக்கு 70 விழுக்காடும் வாடகைத் தொகைக்கு 30 விழுக்காடும் எடை தரப்படுகிறது. புதிய பலதுறை மருந்தகங்களின் அறிவிப்பைவிட இந்தச் சிறு மாற்றம்தான் பெரும்பாலோரின் அன்றாடத்தை அதிகம் தொடும் என்று நினைக்கிறேன். 32 கட்டடங்கள் எங்கே இருந்தாலும் எல்லோருக்கும் நடந்துபோகும் தொலைவில் இருக்க முடியாது. கீழ்த்தள மருந்தகம் இருக்கலாம்.

ஊழியர் தங்கும் விடுதிகளுக்குத் தனி வரைபடம்

மேலே சொன்ன கணக்கில் வருபவர்கள் பெரும்பாலும் மானியத்துக்குத் தகுதிபெறும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும். தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்து தங்கும் விடுதிகளில் வசிக்கும் ஊழியர்களுக்கு வேறு ஏற்பாடு. 2022 ஏப்ரலிலிருந்து அவர்களுக்கான அடிப்படைப் பராமரிப்புத் திட்டத்தை முதலாளிகள் வாங்கியாக வேண்டும். தீவு ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்த வட்டாரத்து விடுதிகளை ஒட்டி மருத்துவ நிலையங்கள் அமைகின்றன. இங்கே இடத்தைத் தீர்மானிப்பது விடுதியின் முகவரியும் வேலை முடிந்து திரும்பும் நேரமும். கொவிட் காலத்தில் விடுதிகளில் தொற்று பரவிய பிறகே இது ஒழுங்கான வலையமைப்பாக உருவெடுத்தது.

கேட்க வேண்டிய எண்கள்

இந்த முறையின் பலவீனம், அளவுகோல்கள் தெரிந்தும் மதிப்பெண்கள் தெரியாமல் இருப்பது. ஐந்து அம்சங்கள் எடைபோடப்படுகின்றன என்கிறார்கள். ஒரு வட்டாரம் எதில் முந்தியது, எதில் பிந்தியது என்பது வெளியே வருவதில்லை. மனை விவரத்தை முன்கூட்டிச் சொன்னால் பக்கத்து வீட்டு விலை ஏறும் என்ற தயக்கம் நியாயமானதே. வட்டார வாரியாகத் தேவையைச் சொல்வதற்கு அந்தத் தயக்கம் பொருந்தாது.

எனவே தொகுதிக் கூட்டத்தில் "எங்களுக்கு எப்போது?" என்று கேட்பதைவிடப் பின்வரும் மூன்றைக் கேட்பது பயன்தரும்.

1. இந்த வட்டாரத்து நாட்பட்ட நோயாளிகள் இப்போது எந்தப் பலதுறை மருந்தகத்துக்குப் போகிறார்கள், அங்கே முன்பதிவு கிடைக்க எத்தனை நாள் ஆகிறது?

2. அவர்களில் எத்தனை பேர் பஸ் மாற வேண்டியிருக்கிறது?

3. இங்குள்ள தனியார் மருந்தகங்களில் எத்தனை ஹெல்தியர் எஸ்ஜியில் புதிய நோயாளிகளை இன்னும் பதிந்துகொள்கின்றன?

மூன்றாவது கேள்விக்கு வரும் எண் மிகச் சிறியதாக இருந்தால், புதிய கட்டடத்துக்கான மனு எழுதுவதற்கு முன் வீவக அடுத்து ஏலம்விடும் மருந்தகக் கடை எந்த முறையில் ஒதுக்கப்படுகிறது என்று விசாரிப்பது நல்லது. மனை தேடிக் கட்டடம் எழுப்புவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஒரு கடையின் குத்தகை அதற்கு முன்பே கைமாறிவிடும்.